வரையத் தெரியாதவர் படம் வரைந்து ஜெபிக்க முடியுமா?

வேதம் வாசித்தாலும் மனம் ஒட்டவில்லை, வரைய ஆசையிருக்கிறது, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. மத்தேயு 6:28-ல் இயேசு, "காட்டுப்புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப்பாருங்கள்" என்கிறார். கவலைப்படாதே என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த வரியைத் தாண்டிவிடுகிறோம். கிரேக்கத்தில் அங்கே வரும் வினை 'கத்தமந்தானோ': நன்றாகப் பார்த்துக் கற்றுக்கொள்வது. சீஷனைக் குறிக்கும் 'மத்தேதெஸ்' பிறந்ததும் இதே வேரில்தான். பூவை உற்றுப் பார்ப்பதும் சீஷனுடைய வேலைதான்.

போஸ்ட்கார்டு அளவில் ஒரு தாள், ஒரு 2பி பென்சில் போதும். ரப்பர் வேண்டாம். ஒற்றை அடுக்குச் செம்பருத்தி ஒன்றை டம்ளரில் வையுங்கள். முதல் 5 நிமிடம் தாளைப் பார்க்கவே கூடாது. இதழின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோலக் கண் நகரட்டும், அதே வேகத்தில் பென்சிலும் நகரட்டும். படம் கோணலாக வரும், வரட்டும். அடுத்த 10 நிமிடம் தாளையும் பார்த்து இன்னொன்று வரையுங்கள்.

பெரும்பாலும் தவறுவது இங்கேதான். கை, எதிரே இருக்கும் பூவை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் பழகிய 'பூ'வைப் போட்டுவிடும். அதனால் இதழ்கள் சேரும் இடத்தைப் பாருங்கள். ஐந்து இதழ், ஒவ்வொன்றும் ஒரு பக்கத்து இதழின் மேல் ஏறி, மறுபக்கத்து இதழுக்கு அடியில் நுழைந்திருக்கும். சுற்றிச் சுற்றி எண்ணினாலும் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் இதழ் என்று ஒன்று அகப்படாது. நடுத்தண்டின் நுனியில் ஐந்து சின்னக் கிளைகள், ஒவ்வொன்றின் தலையிலும் வெல்வெட் பொட்டு. தினமும் அதைத் தாண்டித்தானே போகிறோம்!

இன்னொரு தவறு, அவசரமாக அர்த்தம் தேடுவது. "பூ வாடும், மனுஷனும் வாடுவான்" என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டால் அதற்குப்பின் கண் வேலை செய்யாது. சிலுவை, புறா என்று தொடங்கினாலும் இதே கதிதான். வரைந்து முடித்தபின் கண்ட ஒன்றை மட்டும் ஒரே வரியில் எழுதி, அதைத் தேவனிடம் சொல்லுங்கள். வரி வராவிட்டால் தேதி மட்டும் போதும்.

இதை வாழ்நாள் முழுதும் செய்தவர் லிலியாஸ் டிராட்டர் (1853–1928). கலை விமர்சகர் ரஸ்கின் வியந்த கை அவருடையது. ஓவியராகப் புகழ்பெறும் வாய்ப்பை விட்டு, 1888-ல் ஊழியத்துக்காக அல்ஜீரியா போனார், வரைவதை விடவில்லை. நாட்குறிப்பின் ஓரங்களில் சின்னச் சின்ன நீர்வண்ணப் படங்களாக அது தொடர்ந்தது.

படத்தை உடனே ஸ்டேட்டஸில் போடாதீர்கள். மறுநாள் பார்வை பூவில் நிற்காது, பார்ப்பவர்களிடம் போய்விடும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாக ஈடுகட்டவும் வேண்டாம். அன்றைய பூவை வரையுங்கள்.