முதுகில் எடுக்கும் நீரும் எச்.ஐ.வி.யும்: டாக்டரம்மா பதில்கள்

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மூளையில் கோளாறு வந்தால், முதுகில் ஊசி போட்டு எடுக்கும், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரிலுள்ள செல்களைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று கேட்டிருந்தீர்கள். பாளையங்கோட்டையில் மைக்ரோஸ்கோப்போடு வருடக்கணக்காக உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

வள்ளியூர்: அண்ணனுக்கு இரண்டு வாரமாகத் தலைவலி, வாந்தி. முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும் என்று அம்மா அழுகிறாள்.

அம்மாவிடம் சொல்லுங்கள் தம்பி, தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. ஊசிக்குப் பிறகு சில நாள் தலைவலி இருக்கலாம். வலிப்போ ஒரு பக்கம் பலவீனமோ இருந்தால் முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். தள்ளிப்போட மட்டும் வேண்டாம்.

அம்பாசமுத்திரம்: ரிப்போர்ட்டில் செல் 4 என்று இருக்கிறது. நார்மல்தானே டாக்டரம்மா?

இந்தக் கேள்விக்காகவே எழுத உட்கார்ந்தேன். ஒரு மைக்ரோலிட்டரில் 5 வரை நார்மல்தான், ஆனால் மற்றவர்களுக்கு. அங்கே எண்ணுகிற செல் என்பது வெள்ளை அணுக்கள், கிருமியோடு சண்டைபோட வருபவை. சி.டி.4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்களின் கணக்கு நூறுக்கும் கீழே போனவருக்கு அனுப்ப ஆளே இருக்காது. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை நிறைந்து கிடக்கும், செல் கணக்கோ சுத்தமாக இருக்கும். அதனால் ஒரு சொட்டு நீரில் ஒரு சொட்டு இந்தியா இங்க் என்ற கறுப்பு மையைக் கலந்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். பூஞ்சையின் தடித்த உறைக்குள் மை புகாது. கறுப்பு வானத்தில் நிலா கோட்டை கட்டியது போலத் தெரியும். முதன்முதலில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மையிலும் சில சமயம் தப்பிவிடும், ஆகவே பூஞ்சையின் உறைப்பொருளைத் தேடும் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் டெஸ்ட் செய்தார்களா என்று இன்றே கேளுங்கள்.

லேப் படிக்கும் மாணவி: லிம்போசைட் என்ற வெள்ளை அணு வகை கூடியிருந்தால் டி.பி.தானே மேடம்?

டி.பி.யாக இருக்கலாம், சிபிலிஸாகவும் இருக்கலாம், எச்.ஐ.வி.யே கூட அப்படிக் காட்டும். டி.பி.யா என்றறிய, நீரில் சர்க்கரை குறைந்து புரதம் ஏறியிருக்கிறதா பார், டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் டெஸ்ட்டுக்கும் அனுப்பு. லிம்போமா என்ற புற்றுநோயின் செல்லைத் தேடுவதென்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்லைடு போட்டுவிட வேண்டும். நாங்குநேரிப் பக்கமிருந்து சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் ஒரு சாம்பிள் வந்தது. செல்லெல்லாம் உடைந்து தூளாகிவிட்டது. அந்த மனிதருக்கு மறுபடியும் ஊசி.

களக்காடு: மூளையைத் தாக்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் இந்த நீரில் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. அதற்கு எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை.

மேலப்பாளையம்: பூஞ்சை என்று உறுதியாகிவிட்டது. எச்.ஐ.வி. மாத்திரையை உடனே தொடங்கலாமா?

அவசரப்படாதீர்கள் அண்ணாச்சி. முதலில் பூஞ்சைக்கு மருந்து, நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்துத்தான் அந்த மாத்திரை. முந்தினால் மூளையில் வீக்கம் கூடி உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர் தானாக நிறுத்தவும் கூடாது. எச்.ஐ.வி. மாத்திரை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே மாத்திரை இலவசம்.