இரவுக் குடி, விடியற்காலை வண்டி

கேள்வி: என் கணவர் பால் வேன் ஓட்டுகிறார். ஊரடங்குக்கு முன்பும் தினமும் ஒரு குவார்ட்டருக்குக் குறையாமல் குடிப்பவர்தான். மே மாதம் கடை திறந்த பிறகு வீட்டிலேயே குடிக்கிறார். இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பதினொன்றரைக்குள் ஒன்றரைக் குவார்ட்டர் முடிந்துவிடுகிறது. விடியற்காலை நாலரைக்கு வேனை எடுக்கிறார். கேட்டால், "குடித்துவிட்டா ஓட்டுகிறேன்? தூங்கி எழுந்துதானே போகிறேன்" என்கிறார். மார்ச் கடைசியில் கடைகளை மூடியபோது அவருக்குக் கை நடுங்கியது. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லிப் பயந்தார். அதனால் நிறுத்தச் சொல்லவும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல் (ஜூலை 2020)

பதில்: சகோதரி, உங்கள் இரண்டு பயங்களும் நியாயமானவை. முதலில் வேனைப் பற்றிப் பேசிவிடுவோம். அது நாளை விடியற்காலையிலேயே ஓடப்போகிறது.

தூங்கி எழுந்தால் போதை இறங்கிவிடும் என்பது பல ஓட்டுநர்களின் நம்பிக்கை. தூக்கத்துக்கு அந்த வேலை தெரியாது. மதுவை எரிப்பது கல்லீரல். விழித்திருந்தாலும் உறங்கினாலும் அதன் வேகம் ஒன்றுதான். நம் ஊர் பிராந்தியில் சுமார் 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. ஒன்றரைக் குவார்ட்டர் என்பது 270 மில்லி. அதில் ஏறக்குறைய 90 கிராம் சுத்த ஆல்கஹால். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு இது 100 மில்லி ரத்தத்தில் சுமார் 190 மில்லிகிராம் என்ற அளவுக்குக் கணக்காகும். அதிலிருந்து மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் குறையும். ஒன்பது மணியிலிருந்து எண்ணினாலும் நாலரைக்கு ஏழரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். அப்போது அவர் ரத்தத்தில் 75 மில்லிகிராமுக்கு மேல் மிச்சமிருக்கும். தினமும் குடித்துப் பழகிய உடல் சற்று வேகமாக எரிக்கலாம். மணிக்கு 20 என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 40 நிற்கிறது. சட்டம் அனுமதிப்பது 30. இது தோராயக் கணக்குதான். எடை குறைந்தவருக்கு இன்னும் மோசமாக வரும். மோர், எலுமிச்சைச் சாறு, கடுங்காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் இந்த எண்ணைக் குறைக்காது. தெளிந்துவிட்டதுபோல் தோன்றவைக்கும், அவ்வளவுதான். தெளிந்ததாக நினைத்துக்கொண்டு ஓட்டுபவர் வேகத்தையும் குறைக்கமாட்டார்.

ஆக, அவர் குடித்துவிட்டுத்தான் ஓட்டுகிறார். இதைக் குற்றச்சாட்டாக அல்லாமல் கணக்காக அவர் முன் வையுங்கள். ஊதிப் பார்க்கும் கருவியைக் கொரோனா பயத்தால் போலீசார் பல ஊர்களில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்ற தைரியமும் வேண்டாம். விபத்து என்றால் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வேனின் சேதத்துக்குக் காப்பீட்டுப் பணமும் கிடைக்காமல் போகலாம். இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது, அந்த நேரத்தில் வாசல் தெளிக்க வெளியே வந்து நிற்கும் பெண்களும் சைக்கிளில் பேப்பர் போடும் பிள்ளைகளும்தான்.

அளவு ஏன் கூடியது என்பதும் புரியாத விஷயமல்ல. பார்கள் மூடியிருக்கின்றன, வீட்டில் மூடும் நேரம் என்று ஒன்று கிடையாது. ஞாயிறு முழு ஊரடங்கு என்பதால் சனிக்கிழமையே சேர்த்து வாங்கிவைக்கிறார்கள். கையெட்டும் தூரத்தில் பாட்டில் இருந்தால் அளவு நிற்காது.

அப்படியானால் இன்றிரவே நிறுத்திவிடலாமா? கூடாது. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது சுவரில் பூச்சி ஊர்ந்ததாகச் சொன்ன இடம்தான். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் நாளே நடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் வரலாம். இது உயிரை எடுக்கக்கூடிய நிலை. மார்ச்சில் அவர் பிழைத்தது அதிர்ஷ்டம். ஒருமுறை வந்தவருக்கு மறுமுறையும் வரும் வாய்ப்பு அதிகம். கேரள அரசு அப்போது மருத்துவர் சீட்டின்பேரில் மது வழங்க உத்தரவிட்டது, ஏப்ரல் 2-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அரசின் அந்த உத்தரவை எதிர்த்த மருத்துவர்கள் பக்கமே நான். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க முறையான மாத்திரைகள் உண்டு. கூடவே தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசியும் தேவைப்படும். ஆனால் இவற்றை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி நீங்களே கொடுத்துவிடாதீர்கள். தூக்கம் தரும் இந்த மாத்திரைகளும் மதுவும் ஒன்று சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவில் இதற்கான சிகிச்சை இலவசம். கொரோனா வார்டு அங்கே இருக்கிறதே என்று தயங்கவேண்டாம், முகக்கவசத்துடன் போய்வரலாம். எங்கே, எப்போது போவது என்பதை 104-க்கு அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை அவர் ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், வேனைத் தொடவும் வேண்டாம். இரண்டாவது விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்திலும் ஓட்டக்கூடாது: நிறுத்திய நாட்களில் ஸ்டியரிங் பிடித்திருக்கும்போதே வலிப்பு வரலாம், மாத்திரையும் தூக்கத்தைக் கொடுக்கும். பத்து நாள் வேனுக்கு வேறு ஆள் போடச் சொல்லி முதலாளியிடம் பேசுங்கள். உடம்பு சரியில்லை என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட.

மருத்துவரிடம் போகும்போது தினமும் எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, மார்ச்சில் என்ன நடந்தது, முன்பு வலிப்பு வந்ததுண்டா, காலையில் நடுக்கம் நிற்க ஒரு மடக்கு குடிப்பாரா என்ற ஐந்தையும் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதற்குள் வலிப்போ, ஆள் அடையாளம் தெரியாத குழப்பமோ, கடும் காய்ச்சலுடன் நடுக்கமோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.