தோட்ட மேனேஜர் அரசு நாற்காலிக்கு வரலாமா?

கேள்வி: தனியார் தேயிலைக் கம்பெனியில் 16 வருஷ அனுபவம், இப்போது பொது மேலாளர். டான்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்), இன்கோசர்வ் (கூட்டுறவுத் தேயிலை ஆலைகளின் இணையம்) மாதிரி அமைப்புகளில் தலைமைப் பொறுப்புக்கு வர முடியுமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: நேர்வழி ரொம்பக் குறுகல். டான்டீ வனத்துறையின் கீழ் இருப்பதால் நிர்வாக இயக்குநராக வழக்கமாக வனப்பணி அதிகாரிதான் வருவார்; இன்கோசர்வுக்கு ஐ.ஏ.எஸ். மத்திய அரசு 2018-ல் இணைச் செயலாளர்களை வெளியிலிருந்து எடுத்தபோது குறைந்தது 40 வயது, 15 வருட அனுபவம் கேட்டது. 3 வருட ஒப்பந்தம், 5 வரை நீட்டிக்கலாம். 2024 ஆகஸ்டில் 45 இடங்களுக்கு வந்த விளம்பரமோ, இட ஒதுக்கீடு சர்ச்சையில் வாபஸ். அதை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள்!

தனி இயக்குநர் (கம்பெனி போர்டில் வெளியாளாக அமரும் இயக்குநர்) தரவு வங்கியில் பதிவு செய்து, ஆன்லைன் தேர்வில் 50 சதவீதம் எடுத்து வைப்பது நடைமுறைக்கு ஒத்த முதல் படி. போர்டு அழைப்பு வரும் என்று அது உத்தரவாதம் தராது.

வந்தபின் இடறுவது கொள்முதலில். பறித்த இலையை வாட வைக்கும் தொட்டியின் ஃபேன் மோட்டார் எரிந்தால், கம்பெனியில் கோவைக்கு ஒரு போன் போதும். அரசு அமைப்பில் 1998-ம் வருட தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் குறுக்கே நிற்கும்; பேரம்கூட மிகக் குறைந்த விலை கொடுத்தவரிடம் மட்டும்தான். அதற்குள் பச்சை இலை சூடேறிச் சிவந்துவிடும். எனவே கொழுந்து குவியும் மாதங்களுக்கு முன்பே உதிரி பாகங்களுக்கு ஆண்டு விலை ஒப்பந்தம் போட்டுவிட வேண்டும். வாய்மொழி உத்தரவு கூடவே கூடாது. ஏன் வாங்கினோம் என்பது கோப்பில் இல்லாவிட்டால், தணிக்கையில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.