டொமைன் யார் பேரில் இருக்கிறது? சொந்தமாகத் தளம் போடும் சிறு வியாபாரிகளுக்குக் கேள்வி பதில்

கடைக்கும் தொழிலுக்கும் அதிகச் செலவில்லாமல் தாங்களே ஒரு வலைத்தளம் போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் கேட்டவை இவை. தொகைகள் எல்லாம் தோராயம்தான். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு.

மரச்செக்கு எண்ணெய், காங்கேயம்: அண்ணா, ஒருத்தர் 25,000 கேக்குறார். இன்னொருத்தர் 4,999க்கு எல்லாம் சேர்த்துங்கிறார். நானே செஞ்சா எவ்வளவு ஆகும்?

தவிர்க்கவே முடியாத செலவு டொமைன், அதாவது உங்கள் தளத்தின் முகவரிப் பெயர், ஒன்றுதான். டாட் இன் வருடத்துக்கு 600 முதல் 900 ரூபாய், டாட் காம் 1,000 முதல் 1,500 ரூபாய் என்ற அளவில் கிடைக்கும். "முதல் வருடம் 99 மட்டும்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் அதை விட்டுவிட்டு, புதுப்பிக்கும்போது என்ன விலை என்று தேடுங்கள். நீங்கள் வருடா வருடம் கட்டப்போவது அந்தத் தொகையைத்தான்.

கூடையில் போட்டு வாங்குவது, பேமென்ட் எதுவும் இல்லாத நான்கைந்து பக்கத் தளத்துக்கு ஹோஸ்டிங், அதாவது தளத்தின் கோப்புகளை வைக்கும் இடம், காசே வேண்டாம். கூகுள் சைட்ஸில் பக்கங்களை இழுத்து வைத்து அடுக்கி, சொந்த டொமைனை இணைத்துக்கொள்ளலாம். வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல் கொஞ்சம் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கிளவுட்ஃபிளேர் பேஜஸ் இன்னும் வேகம். கிட்ஹப் பேஜஸும் இலவசம்தான், ஆனால் ஆன்லைன் வியாபாரம் நடத்த அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ்தான் வேண்டும் என்றால், பலர் பங்கிட்டுக்கொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்குக்கு வருடம் 2,000 முதல் 4,000 வரை வைத்துக்கொள்ளுங்கள். "மாதம் 79" என்பது பெரும்பாலும் மூன்று நான்கு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் வரும் கணக்கு.

ஆக, டாட் இன் எடுத்தால் முதல் வருடம் ஆயிரம் ரூபாய் அளவில் முடிக்கலாம். 4,999 கேட்பவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. டொமைனை யார் பேரில் வாங்குவார், இரண்டாம் வருடம் எவ்வளவு, நாளைக்குப் பிரிந்தால் கோப்புகளைக் கையில் கொடுப்பாரா என்று மட்டும் கேளுங்கள். பதிலை வாட்ஸாப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜமக்காளம், பவானி: மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பையன் செஞ்சு குடுத்தான். இப்ப தளமும் திறக்கல, அவன் போனையும் எடுக்கல. டொமைன் பேரைப் பையிலயும் பில் புக்குலயும் அடிச்சு வச்சிருக்கோம்.

வாரத்துக்கு ஒருவராவது இதே கதையோடு வருகிறார்கள். நிலத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பட்டாவை எழுத்தர் பேரில் விட்டுவிட்ட மாதிரிதான் இது.

முதல் வேலை, டொமைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. டாட் காம் என்றால், டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் லுக்கப் (தேடல்) பக்கத்தில் பெயரைப் போடுங்கள். டாட் இன் என்றால் அந்தப் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பு நடத்தும் பதிவேட்டின் தேடல் பக்கம் இருக்கிறது. உரிமையாளர் பெயர் மறைந்திருக்கலாம், ஆனால் எந்த நிறுவனத்தில் வாங்கப்பட்டது, எந்தத் தேதியில் முடிகிறது என்பது தெரியும்.

காலாவதி ஆகவில்லை என்றால் பெரும்பாலும் ஹோஸ்டிங் மட்டும்தான் நின்றிருக்கும். டொமைன் வாங்கிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழையுங்கள். கணக்கு வைத்திருப்பவரிடம்தான் பேசுவோம் என்பார்கள். பணம் கட்டிய வங்கி விவரம், ஜிஎஸ்டி சான்றிதழ், கடைப் பெயரில் உள்ள பழைய பில் எல்லாவற்றையும் சேர்த்து மின்னஞ்சலில் கேட்டுப் பாருங்கள். சில இடத்தில் இறங்கி வருவார்கள். பையனையும் தூது விட்டுத் தேடுங்கள், சண்டைக்குப் போகாமல். அவனிடம் முக்கியமாக வாங்க வேண்டியது ஆத் கோடு, அதாவது டொமைனை வேறு நிறுவனத்தில் உள்ள உங்கள் கணக்குக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு.

காலாவதி ஆகிவிட்டதென்றால் நாள் கணக்கு முக்கியம். டாட் காமுக்கு முதலில் சில நாள் வழக்கமான விலையிலேயே புதுப்பிக்கலாம். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெயர் நீக்கத்துக்குப் போய்விட்டால் 30 நாள் மீட்புக் காலம், அபராதம் ஆயிரக்கணக்கில் வரும். பிறகு 5 நாள் யாரும் தொட முடியாது. அதற்கப்புறம் முந்துபவருக்குச் சொந்தம்.

பழைய பக்கத்தில் இருந்த படமும் எழுத்தும் போயே போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் உங்கள் முகவரியைத் தட்டிப் பாருங்கள், பல நேரம் நகல் கிடைக்கும்.

அடுத்த முறை டொமைன் கணக்கு உங்கள் ஜிமெயிலில், உங்கள் போன் எண்ணில், உங்கள் பேரில் இருக்கட்டும். வேலை செய்பவருக்குத் தனி அனுமதி கொடுங்கள், பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். தளத்தில் வேறு எது கோணலானாலும் திருத்திக்கொள்ளலாம். இது ஒன்று கைவிட்டுப் போனால் அச்சடித்த பைகளும் வீண்.

தங்கும் விடுதி, ஏற்காடு: கூகுள் மேப்பே ஒரு இலவச வெப்சைட் கொடுத்திருந்தது சார். இப்போது அதைக் காணவில்லை.

மேப்பில் கடையைக் காட்டும் பிசினஸ் புரொஃபைலோடு வந்த அந்தத் தளங்களை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்திவிட்டது. ஜூன் வரை பழைய முகவரி உங்கள் புரொஃபைலுக்குத் திருப்பி விட்டது, பிறகு அதுவும் இல்லை. விசிட்டிங் கார்டிலும் இன்ஸ்டாவிலும் அந்த முகவரி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் தொழிலுக்கு இன்றும் வாடிக்கையாளரைக் கொண்டுவருவது அந்த மேப் புரொஃபைல்தான். வெப்சைட் இரண்டாவது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர் கிளம்பும் முன் என்ன கேட்பார்? டெம்போ டிராவலர் வாசல் வரை வருமா, இரவு எத்தனை மணி வரை சாப்பாடு, சுடுதண்ணீர் எப்போது, சீசனில் வாடகை எவ்வளவு ஏறும். இந்த நான்குக்கும் பதில் இருக்கிற பக்கம்தான் உங்கள் தளம். மேகம் நகர்கிற வீடியோ முகப்பில் வேண்டாம், மலையில் சிக்னல் கிடைக்கிற லட்சணத்துக்கு அது திறப்பதற்குள் அவர் பக்கத்து விடுதியைப் பிடித்துவிடுவார்.

சுங்குடிப் புடவை, சின்னாளப்பட்டி: அச்சகத்துல அடிச்ச நோட்டீஸோட ஃபைல்ல இருந்து தமிழைக் காப்பி பண்ணி ஒட்டினா ஆங்கிலக் கிறுக்கலா வருது.

நோட்டீஸ் பாமினியிலோ வானவில்லிலோ அடித்திருப்பார்கள். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. எழுத்துரு இல்லாத இடத்தில் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். இணையத்துக்கு, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வேண்டும். தமிழக அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது, அச்சகங்கள் பல இன்னும் பழைய பாதையில்தான் போகின்றன.

என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. எந்த எழுத்துரு என்று அச்சகத்தில் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். மாற்றியபின் ஒருமுறை வாசியுங்கள்: நோட்டீஸில் இருந்த ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழாக மாறி உளறும்.

நோட்டீஸையே படமாக ஏற்றிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். படத்தில் இருக்கும் போன் எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது, "சுங்குடி" என்று தேடுகிறவருக்கும் அது அகப்படுவது கடினம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றுமே இலவச எழுத்துருக்கள். ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியைவிடத் தமிழுக்குக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், இல்லையென்றால் மேல் வரியின் "கு"வும் கீழ் வரியின் "கி"யும் இடித்துக்கொள்ளும்.

அவரே தொடர்ந்து: அப்படியே டொமைனையும் தமிழ்லயே வாங்கலாமா?

டாட் இந்தியா என்று தமிழிலேயே முடியும் முகவரி உண்டு. வாங்கி வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சில செயலிகளில் ஒட்டினால் புரியாத எழுத்துக் கோவையாக மாறித் தெரியும்.

ஏசி மெக்கானிக், திருச்சி: எனக்கு ஒரே பக்கம் போதுமா அண்ணே?

தாராளமாகப் போதும் தம்பி. மேலே அழைப்பு பட்டன், அடுத்து வாட்ஸாப் இணைப்பு. அது டபிள்யூஏ டாட் மீ, ஒரு சாய்கோடு, பிறகு 91, பிறகு உங்கள் பத்து இலக்க எண். நடுவில் பிளஸ் குறியோ இடைவெளியோ வரக் கூடாது. ஸ்ரீரங்கம், தில்லை நகர், திருவெறும்பூர் என்று எந்தெந்த ஏரியாவுக்குப் போவீர்கள் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். வந்து பார்க்க மட்டும் எவ்வளவு என்பதையும் போடுங்கள். அதைப் போட மெக்கானிக்குகள் தயங்குகிறார்கள், அழைப்பவர் முதலில் கேட்பதே அதைத்தான்.

வீட்டு மசாலாப் பொடி, தஞ்சாவூர்: அண்ணா, தளத்துலயே பணம் வாங்குற மாதிரி வைக்கணும். பெங்களூருக்கும் அனுப்பணும்.

தினம் எத்தனை ஆர்டர் வருகிறது அம்மா? பத்துக்குள் என்றால் வாட்ஸாப் ஆர்டரும் யுபிஐயும் போதும். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் வரும் பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் பிடிப்பதில்லை. தளத்திலேயே பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனம் பொதுவாக 2 சதவீதம் எடுக்கும், அதன்மேல் ஜிஎஸ்டி. ஒன்று மட்டும் பழகிக்கொள்ளுங்கள்: ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்ட வேண்டாம், வங்கிச் செயலியில் வரவைப் பார்த்தபின் கட்டுங்கள்.

ஆர்டர் கூடினால் வேர்ட்பிரஸில் வூகாமர்ஸ் என்ற கடை வசதியைப் போடலாம், அது இலவசம். கேட்வே நிறுவனம் உங்களைச் சேர்க்கும் முன் பணம் திருப்பும் விதி, அனுப்பும் விதி, தனியுரிமை, தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் தளத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். அது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள் விற்பவரின் சட்டப்பூர்வப் பெயரும் முகவரியும் காட்டச் சொல்கின்றன. புகார் அலுவலர் ஒருவர் வேண்டும், புகார் வந்தால் 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு. உங்கள் வீட்டில் அந்த அலுவலர் நீங்கள்தான், பெயரைப் போட்டுவிடுங்கள். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண்ணும் தெரிய வேண்டும்.

பெங்களூர் விஷயம் தனி. வரி உள்ள பொருளை வெளி மாநிலத்துக்கு விற்றால், விற்பனை எவ்வளவு சின்னதானாலும் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். முதல் பார்சலுக்கு முன் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

டெய்லரிங் வகுப்பு, திண்டுக்கல்: வேர்ட்பிரஸ்ல போட்டேன். திறக்கவே அரை நிமிஷம் ஆகுது.

ரவிக்கை டிசைன் படங்களைப் போனிலிருந்து அப்படியே ஏற்றியிருப்பீர்கள், ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி. ஸ்குவூஷ் (Squoosh) என்ற இலவசக் கருவியில் அகலம் 1,200 பிக்சலாகக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமியுங்கள், பெரும்பாலும் 200 கேபிக்குள் வந்துவிடும். யாரோ டெலிகிராமில் இலவசமாகக் கொடுத்த "பிரீமியம்" தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) போட்டிருந்தால் இன்றே நீக்குங்கள். அதோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

மீண்டும் ஏற்காடு: கூகுளில் முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறோம், மாதம் 5,000 என்று தினமும் போன் வருகிறது.

முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு, கூகுள் தேடலில் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைச் சேருங்கள். அது இலவசம்.

மீண்டும் காங்கேயம்: முகவரிக்குப் பக்கத்துல "பாதுகாப்பற்றது"ன்னு காட்டுதுண்ணா. எஸ்எஸ்எல் போட வருஷம் 1,500 கேக்குறாங்க.

எஸ்எஸ்எல் என்பது தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் போகும் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015இலிருந்து இதை இலவசமாகவே தருகிறது. அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், அதைப் பெரும்பாலும் ஹோஸ்டிங்கே தானாகப் பார்த்துக்கொள்ளும். கூகுள் சைட்ஸிலும் கிளவுட்ஃபிளேரிலும் கேட்காமலே வந்துவிடும். உங்களுக்கு வந்த பில்லில் அந்த 1,500 தனிச் செலவாக இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால், டொமைன் உங்கள் பேரில்தானே இருக்கிறது, வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.