இதய சி.டி., எம்.ஆர்.ஐ.: ரிப்போர்ட் எழுத யாருக்குத் தகுதி? எந்த மையத்துக்கு அங்கீகாரம்?

வாசகர் கேள்வி – பதில்

ஃபெலோஷிப் (சிறப்புப் பயிற்சி) கடைசி வருடத்தில் இருக்கிறேன். இதய சி.டி.க்குத் தனியாக ரிப்போர்ட் எழுத எத்தனை கேஸ் பார்த்திருக்க வேண்டும்? போர்டு தேர்வு எழுதிவிட்டால் போதாதா?
*– இளம் கார்டியாலஜிஸ்ட், ஹூஸ்டன்*

போதாது. தேர்வு வேறு, பயிற்சிக் கணக்கு வேறு, மருத்துவமனை தரும் அனுமதி வேறு. மூன்றும் தனித்தனியாக வாங்க வேண்டியவை.

பயிற்சிக் கணக்குக்கு அடிப்படையாக இருப்பது அமெரிக்கன் காலேஜ் ஆஃப் கார்டியாலஜியும் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனும் 2005-ல் வெளியிட்ட தகுதி அறிக்கை. அதில் மூன்று நிலைகள். முதல் நிலைக்கு 4 வாரம், 50 கேஸ். இதை முடித்தவர் தனியாகக் கையெழுத்துப் போட முடியாது, அறிமுகப் பயிற்சி மட்டும்தான். இரண்டாம் நிலைக்கு 8 வாரம், காண்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயைத் தெளிவாகக் காட்டும் மருந்து) கொடுத்து எடுத்த 150 கேஸ்களுக்கு வழிகாட்டி ஒருவரின் கீழ் ரிப்போர்ட் எழுதியிருக்க வேண்டும். அவற்றில் 50 கேஸ்களில் ஸ்கேன் எடுக்கும்போதே கூட இருந்திருக்க வேண்டும். தனியாக ரிப்போர்ட் எழுத இந்த இரண்டாம் நிலைதான் குறைந்தபட்சம். மூன்றாம் நிலைக்கு 6 மாதம், 300 கேஸ், அதில் 100 நேரில்; ஒரு துறையை நடத்தவும் பிறருக்குக் கற்றுத்தரவும் இது வேண்டும். பின்னால் வந்த வழிகாட்டுதல்கள் இந்தக் கணக்கைத் திருத்தியிருக்கின்றன. அதனால், நீங்கள் சேரப்போகும் மருத்துவமனையின் கிரெடென்ஷியல் கமிட்டி (மருத்துவர் தகுதியைச் சரிபார்க்கும் குழு) எந்த வருடப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் லாக்புக்கால்தான், அதாவது கேஸ்களைப் பதியும் நோட்டால்தான். காண்ட்ராஸ்ட் இல்லாத கால்சியம் ஸ்கோர் (இதயத் தமனியில் படிந்த சுண்ணாம்பை அளக்கும் ஸ்கேன்) கேஸ்களை 150-க்குள் சேர்த்துவிடுவது முதல் தவறு. ‘கூட இருந்தேன்’, ‘பிறகு கம்ப்யூட்டரில் பார்த்தேன்’ என்ற இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டு, பின்னால் பிரிக்க முடியாமல் தவிப்பது இரண்டாவது. ஒவ்வொரு வரியிலும் தேதி, பெயர் நீக்கிய கேஸ் எண், எதற்காக எடுத்தது, எந்த வகை ஸ்கேன், நேரிலா இல்லையா, ஆஞ்சியோகிராமுடன் ஒப்பிட்டீர்களா என்பது இருக்க வேண்டும். வழிகாட்டியின் கையெழுத்தை மாதாமாதம் வாங்கிவிடுங்கள். வருடக் கடைசியில் அவர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தால் அந்தக் கேஸ்களுக்குச் சாட்சி இல்லை.

இன்னொன்று: இதயத்துக்காக எடுத்த சி.டி.யில் நுரையீரலும், கல்லீரலின் மேல்பகுதியும், முதுகெலும்பும் சேர்ந்தே விழுகின்றன. கரோனரியை, அதாவது இதயத் தமனிகளை, பெரிதாகப் பார்க்க 200 முதல் 250 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கிப் படம் உருவாக்குவோம். அத்தோடு நிறுத்தினால் நுரையீரல் ஓரத்தில் இருக்கும் கட்டி திரையிலேயே வராது. முழு அகலத்தில் ஒரு தொகுப்பும் உருவாக்கி அதையும் ஒருவர் பார்த்தாக வேண்டும். அதை நீங்கள் பார்க்கிறீர்களா, ரேடியாலஜிஸ்ட் பார்க்கிறாரா என்பதை வேலையில் சேரும்போதே எழுதி முடிவு செய்யுங்கள். ‘அவர் பார்ப்பார் என்று நினைத்தேன்’ என்பதில் மாட்டுவது நோயாளியின் உயிர்.

எங்கள் கிளினிக்கில் சி.டி. வாங்கி கரோனரி ஆஞ்சியோ ஆரம்பிக்கிறோம். அங்கீகாரம் இல்லாவிட்டால் மெடிகேர் (அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு) பணம் தராது என்கிறார்கள். உண்மையா? பழைய மெஷின் ஒன்று மலிவாக வருகிறது, எடுக்கலாமா?
*– கிளினிக் நடத்தும் மருத்துவர், நியூ ஜெர்சி*

உண்மைதான். 2008-ல் வந்த மெடிகேர் திருத்தச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் உள்ளிட்ட அணு மருத்துவ ஸ்கேன்களை எடுக்கும் கிளினிக்குகளும் தனி ஸ்கேன் மையங்களும் 2012 ஜனவரி 1 முதல் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் டெக்னிக்கல் பகுதிக்கான (ஸ்கேன் எடுப்பதற்கான) தொகை வராது. ரிப்போர்ட் எழுதும் மருத்துவருக்கான தொகையை இந்தப் பிரிவு தொடவில்லை. மருத்துவமனைகளும் இதில் வராது, அவற்றுக்கு வேறு ஆய்வு முறை உண்டு. அங்கீகாரம் தர மெடிகேர் ஏற்றுக்கொண்டவை அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி எனும் ஏ.சி.ஆர்., இன்டர்சொசைட்டல் அக்ரெடிட்டேஷன் கமிஷன் எனும் ஐ.ஏ.சி., ஜாயின்ட் கமிஷன், பின்னால் சேர்ந்த ராட்சைட்.

பழைய மெஷின் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். எக்ஸ்.ஆர்.-29 என்ற தரத்தை எட்டாத சி.டி.யில் எடுத்த ஸ்கேனுக்கு 2016-ல் 5 சதவீதமும், 2017 முதல் 15 சதவீதமும் மெடிகேர் தொகை வெட்டப்படுகிறது. அந்தத் தரம் நான்கைக் கேட்கிறது: கதிர்வீச்சு அளவை டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொதுக் கோப்பு முறை) கோப்பாகப் பதிவு செய்வது, அளவு மீறும்போது எச்சரிப்பது, உடல்வாகுக்கு ஏற்பக் கதிரைத் தானாகக் கூட்டிக் குறைப்பது, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மாதிரி புரோட்டோகால் (ஸ்கேன் எடுக்கும் முறைக் குறிப்பு) இருப்பது. விற்பவரிடம் ‘எல்லாம் இருக்கிறது’ என்ற வாய்வார்த்தையை வாங்காதீர்கள்; உங்கள் மெஷினின் வரிசை எண் குறிப்பிட்ட சான்றிதழ் வாங்குங்கள்.

ஏ.சி.ஆர். பக்கம் போனால் பேன்டம் (சோதனை உருளை) பரிசோதனைதான் முதல் வாசல். அந்த உருளைக்குள் இருக்கும் பொருட்களின் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்கள் (படத்தில் பொருளின் அடர்த்தியைக் காட்டுபவை) இந்த எல்லைக்குள் விழ வேண்டும்: தண்ணீர் மைனஸ் 7 முதல் பிளஸ் 7, பாலிஎத்திலீன் மைனஸ் 107 முதல் மைனஸ் 84, அக்ரிலிக் 110 முதல் 135, எலும்பு 850 முதல் 970, காற்று மைனஸ் 1005 முதல் மைனஸ் 970. கதிர்வீச்சு அளவுக்கும் கறாரான வரம்பு உண்டு: பெரியவர் தலைக்கு 80 மில்லி கிரே, வயிற்றுக்கு 30 மில்லி கிரே தாண்டினால் தோல்வி.

தண்ணீரின் எண் தள்ளிப் போவதற்குப் பெரும்பாலும் மெஷின் கோளாறு காரணமல்ல. காலையில் டியூபை வார்ம்-அப் செய்யாமல், காற்று கேலிப்ரேஷன் (காற்றை வைத்து மெஷினைச் சரிசெய்வது) ஓட்டாமல் நேரே பேன்டத்தை வைத்துவிடுவார்கள். உருளையை மட்டத்தில் வைக்காமல் சாய்த்து வைத்தால் எல்லாமே கலைந்துவிடும். தினமும் காலையில் தண்ணீர் எண்ணை எடுத்து நோட்டில் ஏற்றும் மையத்துக்கு இந்தச் சிக்கல் வராது. எண் மெல்ல நகர ஆரம்பிக்கும்போதே தெரிந்துவிடும்.

ஏ.சி.ஆர்., ஐ.ஏ.சி. இரண்டில் இதய ஸ்கேன் மையத்துக்கு எது பொருத்தம்? எதில் அதிகம் தோற்கிறார்கள்?
*– மையத்தின் மேலாளர், சிகாகோ*

இரண்டுமே மூன்று வருடச் சுற்று. ஏ.சி.ஆர். பேன்டத்துக்கும் படத் தரத்துக்கும் அதிக எடை கொடுக்கிறது. ஐ.ஏ.சி. படத்தோடு ரிப்போர்ட்டையும், தர மேம்பாட்டுக் கூட்டங்களின் குறிப்பையும் கேட்கிறது. கார்டியாலஜிஸ்ட்கள் நடத்தும் மையத்துக்கு ஐ.ஏ.சி. வழி நல்லது என்பது எங்கள் கருத்து. மெஷினின் கணக்கு மட்டும் சரியாக இருந்தால் போதாது. அந்தப் படத்தை வைத்து மருத்துவர் என்ன முடிவுக்கு வந்தார் என்பதையும் வெளியார் ஒருவர் பார்க்க வேண்டும்.

தோற்பது எதிலென்றால், ரிப்போர்ட்டில். மேலே ‘இடது முன் இறங்கு தமனியின் நடுப்பகுதியில் 60 சதவீத அடைப்பு’ என்று இருக்கும், கீழே முடிவுரையில் ‘லேசான அடைப்பு’ என்று இருக்கும். அடைப்பின் சதவீதத்துக்கு ஏற்ப எண் தரும் கேட்-ராட்ஸ் முறையில் 25 முதல் 49 வரை 2, 50 முதல் 69 வரை 3, 70 முதல் 99 வரை 4ஏ. இடது பிரதானத் தமனியில் 50 சதவீதம் எட்டினாலோ, மூன்று தமனிகளிலும் 70 எட்டினாலோ 4பி. முழு அடைப்பு 5. அறுபது சதவீதத்துக்கு 3 போட வேண்டிய இடத்தில் 2 என்று போட்டால், அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டிய நோயாளி வீட்டுக்குப் போய்விடுகிறார். அசைவால் மங்கிய பகுதியை ‘இயல்பு’ என்று எழுதிவிடுவது இதைவிடப் பெரிய தவறு. அங்கே ‘கணிக்க இயலவில்லை’ என்று எழுதுவதுதான் நேர்மை, கேட்-ராட்ஸிலும் அதற்குக் குறி உண்டு.

அடுத்த தோல்வி, எழுதி வைத்த புரோட்டோகால் ஒன்று, எடுத்த ஸ்கேன் இன்னொன்று. கோப்பில் 100 கிலோவோல்ட், படத்தின் தகவலில் 120. மாற்றினால் தவறில்லை, ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி வேண்டும்.

நான் சி.டி. டெக்னீஷியன். அங்கீகார ஆய்வுக்கு எங்கள் வேலையில் எதைக் கவனிப்பார்கள்?
*– வாசகி, டாலஸ்*

உங்கள் ஏ.ஆர்.ஆர்.டி. (டெக்னீஷியன்களுக்குச் சான்று தரும் அமைப்பு) பதிவு, சி.டி.க்கான கூடுதல் தகுதி, உயிர்காப்புப் பயிற்சி ஆகியவற்றின் தேதிகளைப் பார்ப்பார்கள். ஒன்று காலாவதியாகியிருந்தாலும் மொத்தக் கோப்பும் நிற்கும். ஆனால் படத்தின் தலைவிதி உங்கள் தயாரிப்பில் இருக்கிறது.

இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 60-ஐ ஒட்டி இருந்தால் படம் தெளிவு. அதற்காக மருத்துவர் உத்தரவில் மெட்டோப்ரோலால் 50 முதல் 100 மில்லிகிராம் மாத்திரையை ஒரு மணி நேரம் முன்னதாகக் கொடுப்பது வழக்கம். ஆஸ்துமா உள்ளவரா, ரத்த அழுத்தம் குறைந்தவரா என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது. தமனியை விரிக்க நாக்கடியில் நைட்ரோகிளிசரின் 400 முதல் 800 மைக்ரோகிராம், ஸ்கேனுக்கு ஐந்து நிமிடம் முன். சில்டெனாஃபில் வகை (ஆண்மைக் குறைவுக்கான) மாத்திரை சாப்பிட்டவருக்கு இது ஆபத்து. வெட்கப்பட்டு மறைப்பவர்கள் உண்டு என்பதால், உறவினர் முன்னால் கேட்காமல் தனியாகக் கேளுங்கள். ஊசிக்கு வலது முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் (ஊசியின் தடிமன்). புறங்கையில் போட்ட மெல்லிய ஊசியில் விநாடிக்கு 5 மில்லிலிட்டர் வேகம் தாங்காது, மருந்து தோலுக்கடியில் கசியும்.

கொடுத்த மருந்து, அளவு, நேரம், ஸ்கேன் சமயத் துடிப்பு, காண்ட்ராஸ்ட் அளவு, வேகம் எல்லாம் ரிப்போர்ட்டுக்குப் போக வேண்டியவை. நீங்கள் எழுதாததை மருத்துவர் ஊகித்து எழுத முடியாது.

இதய எம்.ஆர்.ஐ.க்கும் இதே கணக்கா?
*– மருத்துவர், சான் ஹோசே*

எண்ணிக்கை ஒன்றே, காலம் அதிகம். இரண்டாம் நிலைக்கு 3 மாதம், 150 கேஸ், அதில் 50-ஐ நேரடியாக நடத்தியிருக்க வேண்டும். மூன்றாம் நிலைக்கு 12 மாதம், 300. காரணம் இருக்கிறது: சி.டி.யில் ஸ்கேன் சில நொடி. எம்.ஆர்.ஐ.யில் ஒவ்வொரு தளத்தையும் மனிதர்தான் குறிக்க வேண்டும், நடுவில் முடிவெடுக்க வேண்டும்.

இதயத் தசையின் தழும்பைக் காட்டும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காடோலினியம் என்ற காண்ட்ராஸ்ட் மருந்து கொடுத்து 10 முதல் 15 நிமிடம் கழித்து எடுக்கிறோம். நல்ல தசை கருப்பாகவும் தழும்பு வெள்ளையாகவும் தெரிய, இன்வெர்ஷன் டைம் (சிக்னலைப் பதியும் முன் மெஷின் காத்திருக்கும் நேரம்) சரியாக இருக்க வேண்டும். நிமிடம் ஓட ஓட அந்த எண் மாறும். முதலில் வைத்ததையே கடைசி வரை வைத்திருந்தால் நல்ல தசை சாம்பல் நிறமாகி, சின்னத் தழும்பு அதில் கரைந்துபோகும். பார்த்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அதேபோல் இடது கீழறையின் கொள்ளளவு கணக்கில் அடிப்பாகப் படத் துண்டு ஒன்றைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் செய்தால், ஒரே நோயாளிக்கு இரண்டு வெவ்வேறு எண் வரும். மையத்துக்கென்று ஒரே விதி எழுதி ஒட்டுங்கள், ஆய்வாளரும் அதைத்தான் கேட்பார்.

மெஷினுக்கு வாராந்திரப் பேன்டம்: ஏ.சி.ஆர். பெரிய பேன்டத்தின் உள்நீளம் 148, விட்டம் 190 மில்லிமீட்டர். அளந்தால் அந்த எண்களிலிருந்து அனுமதித்த அளவுக்கு மேல் விலகக் கூடாது. அறைப் பாதுகாப்பில், காந்தத்தை நெருங்க நெருங்க அனுமதியைக் கட்டுப்படுத்தும் நான்கு மண்டலப் பிரிவு கட்டாயமாகப் பார்க்கப்படும். நான்காம் மண்டலம் காந்தம் இருக்கும் அறை. பேஸ்மேக்கர் உள்ளவர் வந்தால், ‘எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றது’ என்ற அட்டை கருவிக்கு மட்டுமா, வயர்களுக்கும் சேர்த்தா என்று பாருங்கள்.

மதுரையில் சி.டி. மையம் வைத்திருக்கிறேன். அமெரிக்க அங்கீகாரம் வாங்கினால் நல்லதா?
*– வாசகர், மதுரை*

தேவையில்லை. உங்களுக்கு முதலில் வேண்டியது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏ.இ.ஆர்.பி., தரும் உரிமம். வாரியத்தின் இ-லோரா இணையதளம் வழியாகத்தான் எல்லாம்: வகை ஒப்புதல் பெற்ற மெஷினை வாங்க அனுமதி, அறை வரைபட ஒப்புதல், நிறுவிய பிறகு தரப் பரிசோதனை, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி நியமனம், கடைசியாக இயக்க உரிமம். இந்த வரிசையை மாற்றி, மெஷினை இறக்கிவிட்டு விண்ணப்பம் போடுகிறவர்கள் மாதக்கணக்கில் பூட்டிய அறைக்கு வட்டி கட்டுகிறார்கள். அறை 25 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. ஊழியர்களுக்கு உடலில் படும் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் வேண்டும், ஒருவருக்கு ஐந்து வருடச் சராசரி வருடத்துக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. தரப் பரிசோதனை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. எம்.ஆர்.ஐ.யில் அயனியாக்கும் கதிர் இல்லாததால் இந்த உரிமமும் விதிகளும் சி.டி.க்கு மட்டும்.

தரத்துக்கான அங்கீகாரம் வேண்டுமென்றால் மருத்துவமனைத் தரத்தை ஆராயும் என்.ஏ.பி.ஹெச். அமைப்பின் மருத்துவப் படமெடுப்புத் திட்டம் இருக்கிறது. கட்டாயமல்ல. ஆனால் அமெரிக்கக் கணக்கிலிருந்து ஒன்றைக் கடன் வாங்குங்கள்: உங்கள் மையத்தில் கரோனரி சி.டி. ரிப்போர்ட் எழுதுகிறவரிடம் லாக்புக் கேளுங்கள். எம்.டி. ரேடியாலஜியோ டி.எம். கார்டியாலஜியோ இருப்பது அவசியம்தான். ஆனாலும் வழிகாட்டியின் கீழ் எத்தனை கரோனரி சி.டி.க்கு அவர் ரிப்போர்ட் எழுதினார் என்பதை அந்தப் பட்டம் சொல்லாது.

அம்மாவுக்கு கரோனரி சி.டி. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழில் எதைப் பார்ப்பது?
*– வாசகி, அட்லாண்டா*

முகவரி, ஸ்கேன் வகை, காலாவதி தேதி. அங்கீகாரம் இடத்துக்கும் ஸ்கேன் வகைக்கும் சேர்த்துத் தரப்படுவது, எம்.ஆர்.ஐ.க்கு வாங்கியது சி.டி.க்குச் செல்லாது, தலைமை அலுவலகத்துக்கு வாங்கியது கிளைக்குச் செல்லாது. ஏ.சி.ஆர்., ஐ.ஏ.சி. இரண்டின் தளத்திலும் மையத்தின் பெயரைத் தேடிச் சரிபார்க்கலாம். முன்பதிவு செய்யும்போது ரிப்போர்ட் எழுதுபவர் யார், நுரையீரல் பகுதியையும் அவரே பார்க்கிறாரா என்று கேளுங்கள். அம்மா சாப்பிடும் மாத்திரைப் பட்டியலையும், கடைசியாக எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவையும் கையோடு கொண்டு போங்கள்.