ஐந்து வாரமாக ஆறாத கால் புண்: ஊசிக்கு முன்பணம் தரலாமா?

நீடாமங்கலத்துக்கு அருகிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வரப்பு வெட்டும்போது மண்வெட்டி பட்டு, அவருடைய தந்தைக்குக் கணுக்காலுக்கு மேலே உண்டான காயம் ஐந்து வாரமாகியும் மூடவில்லை. தந்தைக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. "காற்றுப் படட்டும், காயட்டும்" என்கிறார் கட்டுப் போடுகிறவர். இதற்கிடையில் ஒருவர் வீடு தேடி வந்து, ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் பத்து நாளில் தோல் வளர்ந்துவிடும், நாற்பதாயிரம் முன்பணம் கொடுங்கள் என்கிறாராம்.

கொடுக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைப்படி, சில இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை நீங்கலாக, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே பயன்படுத்தலாம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முன்பணம் பேசுகிறவர் ஆய்வுக்கு ஆள் எடுக்க வந்தவர் அல்லர். ஆள் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்க வந்தவர். அறுவடைப் பணம் கைக்கு வரும் நாளை இவர்கள் நம்மைவிட நன்றாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அவர் விற்க வந்த வேலையைச் செய்யும் செல்கள் தங்கள் தந்தையின் தோலிலேயே இருக்கின்றன. காயம் பட்டதும் இரத்தம் உறைகிறது. அடுத்த சில நாட்களில் வெள்ளை அணுக்கள் வந்து கிருமிகளையும் செத்த திசுவையும் அப்புறப்படுத்துகின்றன. பிறகு நார்ச்செல்கள் கொலாஜன் என்ற புரத நாரை இழைக்க, நுண்ணிய இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைய, குழி சிவந்த புதுச் சதையால் நிரம்புகிறது. அந்தச் சதையின் மேல்தான், விளிம்பிலிருக்கும் மேல்தோல் செல்கள் தங்கள் பிடிப்பைத் தளர்த்தி, தட்டையாகி, நடுவை நோக்கி ஊர்ந்து வருகின்றன. ஆழமான காயத்தில் முடிவேர்களும் போய்விடுவதால், விளிம்பைத் தவிர அவற்றுக்குப் புறப்பட வேறு இடமில்லை. பகல் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள்: பழைய தோலுக்கும் சிவந்த சதைக்கும் நடுவே மெல்லிய, வெளிறிய ஓரம் ஒன்று தெரிந்தால் அதுதான் புதுத் தோல்.

அது ஊர்வதற்கு ஈரம் வேண்டும். 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வில், காற்றில் காய விட்ட காயங்களைவிட மெல்லிய பாலித்தீன் தாளால் மூடிய காயங்களில் மேல்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகப் பரவியது. ஆயினும் நம் ஊர்க் கட்டறைகள் பலவற்றில் இன்னும் உலர்ந்த காஸ் துணியைப் புண்ணில் வைத்து, அது ஒட்டிக்கொண்டதும் மறுநாள் வெடுக்கென்று இழுக்கிறார்கள். துணியோடு அந்த வெளிறிய ஓரமும் வந்துவிடுகிறது. நட்ட நாற்று வேர் பிடித்ததா என்று தினமும் பிடுங்கிப் பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. வரிசை நீளமாக இருக்கிறது, ஆள் குறைவு என்பது உண்மைதான். அதற்கான விலையை நோயாளியின் கால் ஏன் கொடுக்க வேண்டும்? பாரஃபின் தடவிய வலைத்துணியை அடியில் வைக்கச் சொல்லுங்கள். ஒட்டியிருந்தால் சலைன் விட்டு நனைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். நுரைத்துப் பொங்கும் அந்த மருந்து ஊர்ந்து வரும் செல்களையும் சேர்த்தே கொல்கிறது.

ஒரு விலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலில் இரத்த ஓட்டம் குறைந்து, விரலோ குதிகாலோ கறுத்து, காய்ந்து, இறுகிப் போயிருந்தால் அந்த இடத்தை நனைக்கவே கூடாது. உலர்ந்திருக்கும் வரை கிருமி எளிதில் ஏறாத அந்தக் கறுத்த பகுதி, ஈரமானதும் அழுகத் தொடங்கும். விரலோடு நிற்க வேண்டிய இழப்பு முழுக் காலையே கேட்கும். ஆகவே ஈரக் கட்டுப் போடுவதற்கு முன்பே, பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி கிடைக்கிறதா என்று மருத்துவர் விரல் வைத்துப் பார்த்தாக வேண்டும். அரை நிமிட வேலை. சீட்டில் மாத்திரை எழுதும் அவசரத்தில் விட்டுப்போவதும் அதுதான்.

சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் வெள்ளை அணுக்கள் துப்புரவு வேலையிலேயே சிக்கிக்கொள்ளும். புண் அடுத்த கட்டத்துக்கு நகராது. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் பரிசோதனை செய்யுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள். ஐந்து வாரம் என்பது காத்திருக்கும் காலத்தைத் தாண்டிவிட்டது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். செத்த சதை இருந்தால் அங்கே முறையாக எடுப்பார்கள். ஒட்டுத்தோல் தேவைப்பட்டால், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் அதைச் செய்ய முடியுமா என்பதை அங்குள்ள காப்பீட்டுப் பிரிவிலேயே கேளுங்கள், வாசலில் நிற்கும் ஆளிடம் அல்ல. காய்ச்சல், துர்நாற்றம், காலில் மேலேறும் சிவப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் புறநோயாளி நேரத்துக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.