அழித்து எழுதிய அளவு

வணக்கம்.

கல்லூரியில் முதலாம் ஆண்டு வேதியியல் படிக்கிறேன். உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்று அறிவியல் முறையின் படிகளை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஆய்வகத்தில் நாங்கள் செய்யும் எல்லாவற்றுக்கும் விடை ஏற்கனவே தெரிந்ததுதான். அப்புறம் எதற்குச் சோதனை? போன வாரம் தரம்பார்த்தலில், அதாவது ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச்சொட்டாக விட்டு வீரியத்தை அளக்கும் சோதனையில், எனக்கு அளவு சரியாக வரவில்லை. நண்பனுடையதைப் பார்த்து எழுதினேன், முழு மதிப்பெண் கிடைத்தது. மோல் என்பதும் இன்னும் பிடிபடவில்லை. விளக்க முடியுமா?

ர.

அன்புள்ள ர.,

மோலுக்குப் பயப்படாதீர்கள். டஜன் என்றால் 12, மோல் என்றால் 6.022 × 10²³. அணுக்களை விரல்விட்டு எண்ண முடியாது, அதனால் எடை போட்டு எண்ணுகிறோம். 12 கிராம் கார்பனில் எத்தனை அணுக்களோ, 18 கிராம் தண்ணீரில் அத்தனை மூலக்கூறுகள். பத்துக் கணக்கு போட்டால் பழகிவிடும். படிகளின் வரிசை தேர்வுக்கு உதவும், அது போதும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதாக நினைக்காமல் எழுதிய ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. நண்பனுடையதைப் பார்த்து எழுதினேன் என்கிறீர்கள். நானும் அதைச் செய்திருக்கிறேன். பிப்பெட் என்ற உறிஞ்சுகுழாயில் 20 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலம், பியூரெட் என்ற அளவுக்குழாயில் அதில் சொட்டவிடும் சோடியம் ஹைட்ராக்சைடு. எல்லோருக்கும் 20-ஐ ஒட்டி வந்தது. எனக்கு 21.3. மறுபடி செய்தேன், மறுபடியும் 21.3. ஆசிரியர் மேசையருகே வருவதற்குள் அழித்துவிட்டு 20.1 என்று எழுதினேன். பல மாதம் கழித்துத்தான் உறைத்தது: நான் கரைசல் எடுத்தது மூலையில் மூடியில்லாமல் கிடந்த பழைய பாட்டிலிலிருந்து. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் கார்பனேட் ஆகிவிடும், வீரியம் குறையும். அப்போது, வினை முடிந்ததைச் சொல்லும் காட்டியான ஃபீனால்ஃப்தலீன் நிறம் மாறக் கூடுதலாகத்தான் ஊற்ற வேண்டும். அன்று அந்த வகுப்பில் புதிதாக ஒன்றைச் சொன்ன எண் என்னுடையது மட்டும்தான். அதைத்தான் ரப்பரால் தேய்த்தேன்.

விடை தெரிந்ததுதானே என்கிறீர்கள். நைட்ரஜனின் அடர்த்தியும் தெரிந்ததாகத்தான் இருந்தது. ராலே பிரபு என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் அதைத் திரும்ப அளந்தார். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.257 கிராம், வேதிச்சேர்மங்களிலிருந்து எடுத்தது 1.250. வித்தியாசம் அரை சதவீதம்தான். உங்கள் வகுப்பில் அதைப் பிழை என்றுகூடச் சொல்லமாட்டார்கள். அவர் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டார், திரும்பத் திரும்பச் செய்தார். வித்தியாசம் போகவில்லை. 1892-ல், இது ஏன் என்று யாராவது சொல்லுங்கள் என நேச்சர் இதழுக்கே எழுதிவிட்டார். தனக்குப் புரியாத எண்ணை ஊரறியச் சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்! இரண்டே ஆண்டில் அவரும் வேதியியலாளர் ராம்சேயும் அந்த வித்தியாசத்துக்குக் காரணமான ஆர்கானை அறிவித்தார்கள். நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு, அதுவரை யாரும் பெயர்கூட வைக்காத ஒரு தனிமம்.

இன்னொன்று. அதற்கு நூறாண்டு முன்பே, 1785-ல், கேவண்டிஷ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி காற்றில் மின்பொறி பாய்ச்சி நைட்ரஜன் முழுவதையும் தீர்க்கப் பார்த்தார். ஒரு சிறு குமிழ் மட்டும் எதனோடும் சேராமல் மிஞ்சியது. மொத்த நைட்ரஜனில் 120-ல் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்று குறித்துவைத்தார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. தெரியாததையும் அப்படியே எழுதிவைத்தார். ராலேயும் ராம்சேயும் பின்னால் போய்ப் பார்த்தபோது அந்தக் குமிழ் அவர்களுக்காகக் காத்திருந்தது. அவர் உங்களைப் போல, என்னைப் போலச் செய்திருந்தால் அங்கே என்ன இருந்திருக்கும்?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. உங்களைக் கேலி செய்யவில்லை. அந்த வரியை மறைக்காமல் எழுதினீர்களே, அந்த மனம் எனக்குப் பிடித்திருக்கிறது. மதிப்பெண் போனால் போகட்டும். அடுத்த முறை வந்த அளவை எழுதுங்கள், பக்கத்திலேயே எந்த பாட்டில், பியூரெட்டைக் கழுவினீர்களா, நுனியில் காற்றுக்குமிழ் இருந்ததா என்பதையும் எழுதுங்கள்.

சரி, உங்களுக்கு முதலில் வந்த அளவு என்ன? கடிதத்தில் அதை மட்டும் சொல்லவில்லை. நினைவிருந்தால் எழுதுங்கள், எந்த அமிலம், எந்தக் காட்டி என்பதோடு. சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.